கிடங்குக்குள் படுத்திருப்பவர்கள்

நவம்பர் 20, வியாழன்

காலையிலிருந்து தூறல். பாப்பா யூனிஃபார்ம் காயவில்லை. ஷூ கம்பெனியில் நூல் அறுந்துகொண்டே இருந்தது, சூப்பர்வைசரிடம் திட்டு.

சாப்பாட்டு நேரத்தில் பாண்டிச்சேரியிலிருந்து வீட்டுக்காரர் போன். கடலோரம் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கிடங்கு. கப்பலில் ஏற்றத் துணி அடுக்கிவைத்த இடமாம். இப்போது ஹோட்டலாக்குகிறார்கள். அவரும் கணியம்பாடி ஏழுமலையும் அங்கே கொத்து வேலை. படுக்கையும் அதற்குள்ளேயே.

பேசும்போதே பொலபொலவென்று ஒரு சத்தம்.

"இன்னாங்க அது?"

"சுண்ணாம்பு உதிருது. மழைக்கு ஊறிப்போச்சி."

உத்தரத்துக்குக் கீழே சுவரில் விரிசலாம். மேஸ்திரியிடம் சொன்னதற்கு, "வெள்ளக்காரன் கட்னதுய்யா. பயந்தா ஊட்டுக்குப் போ" என்றாராம்.

நவம்பர் 21, வெள்ளி

டிவியில் புயல் செய்தி. பாண்டி பக்கம்தான் கரையைக் கடக்குமாம். காதுக்குள் அந்தச் சத்தம்.

சாயங்காலம் கூப்பிட்டேன். "வந்துடுங்க."

"மேஸ்திரிகிட்ட இன்னான்னு சொல்றது?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "பாப்பாக்கு ஜுரம் ஜாஸ்தி. ஆஸ்பத்திரில சேக்கச் சொல்றாங்க."

எந்த ஆஸ்பத்திரி என்றுகூடக் கேட்கவில்லை. "வர்றேன்" என்றார்.

பாப்பா பக்கத்திலேயே பாடிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 22, சனி

காற்று. வேலைக்குப் போகவில்லை. அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். விழுப்புரம் ரோட்டில் மரம் சாய்ந்து பஸ்கள் நிற்கின்றனவாம். சுவருக்குப் பயந்து அவரை ரோட்டில் இழுத்துவிட்டேனே. பாப்பா உடம்பை வேறு தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சொன்ன வாய்க்கு ஜுரம் நிஜமாகவே வந்துவிட்டால்?

பக்கத்து வீட்டு மேரி அக்கா ஜெபம் பண்ணிவிட்டுப் போனாள்.

மதியத்துக்கு மேல் வந்தார். தொப்பலாக. பாப்பா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"பொய்னு தெரியும். இவ பாடுனது போன்லயே கேட்டுச்சி."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"எனக்கும் பயந்தான்டி. வெளிய சொல்ல ஒரு காரணம் கெடைக்கல."

தலையைத் துவட்டக்கூட இல்லை. என் போனில் ஏழுமலை நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தார். "அவன் இன்னும் அங்கதான் கீறான். எதையாவது சொல்லு."

"ஏழுமலை, உங்கம்மா கீழ விழுந்துட்டாங்கப்பா" என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை விட்டது. ஏழுமலை ஊர் வந்து சேர்ந்தான். போனில் என்னைத் திட்டு திட்டென்று திட்டினான், அழுதான். அவன் அம்மா அடுப்படியில் இருந்தாளாம்.

கிடங்கு விழவில்லை. விரிசல் மட்டும் கை நுழைகிற அளவுக்கு ஆகியிருக்கிறதாம். மேஸ்திரி கூப்பிட்டு, "நாளைக்கு வந்துடுங்க, படுக்கை அங்கேயேதான்" என்றார்.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேருக்கும் பயமா கீது மேஸ்திரி. சுவத்துக்கு முட்டுக் குடுங்க. படுக்க வேற எடம் குடுங்க. அப்புறம் வர்றோம்."

மேஸ்திரி போனை வைத்துவிட்டார். இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.