உங்கள் காஸ்லைட்டின் காற்று வால்வு

கையில் டீசல் வாசனை அடிக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன், காகிதத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். உங்களுக்குப் பிடித்த வாசனைதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் காலையில் உங்கள் அண்ணன் வந்தார். ராகி கதிர் பிடித்துவிட்டது, ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைகள் இறங்க ஆரம்பித்துவிட்டன, காவல் பரணில் மாட்ட நல்ல வெளிச்சம் வேண்டும் என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அந்தக் காஸ்லைட்ட எடுக்கணும்னா எனக்கும் மனசு வரலம்மா. ஆனா வேற லைட்டுக்கு எங்க போறது? அவங்கூட இருந்து அத ரிப்பேர் பண்ணவ நீதான். எரியுமா, நம்பிக் கொண்டுபோலாமா, நீயே பாத்துச் சொல்லு."

நீங்கள் போன நாளிலிருந்து அது மாட்டுக் கொட்டகை விட்டத்தில் சாக்குக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரையும் நான் தொட விட்டதில்லை. சாணி அள்ளப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் குனிவேன். எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் என் தாலியை அறுத்த சனியன் என்று வாய்விட்டே திட்டுவேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

சாக்கை அவிழ்த்தபோது பழைய மண்ணெண்ணெய் குப்பென்று முகத்தில் அடித்தது. கண்ணாடி உடையாமல் இருந்தது. பித்தளை கறுத்துப் போயிருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியின் மேல் சின்னத் திருகாக இருக்குமே காற்று வால்வு, அது மட்டும் பச்சைக் களிம்பு பிடித்து அசையாமல் இறுகிக் கிடந்தது.

முதன்முதலில் நீங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் அந்த வால்வு இப்படித்தான் கிடந்தது. அப்போது நாம் ஓசூரில் லைன் வீட்டில் இருந்தோம். நீங்கள் கம்பெனியில் லேத் மிஷினில் நின்றீர்கள். பழைய இரும்புக் கடையில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்து லைட்டு, யாரோ பிளையரால் கடித்துக் குதறிய வால்வு. அதை டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். நமக்குப் பிள்ளை இல்லை என்ற பேச்சு அந்த நாளில்தான் ஓய ஆரம்பித்திருந்தது. "புள்ளைக்குப் பால் குடுக்கணுமா, மண்ணெண்ணெயா?" என்று நான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

நாலைந்து நாள் டீசல் விட்டு ஊறவைத்தீர்கள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தீர்கள். ஸ்பேனர் பிடியால் கோழி கொத்துவது போல மெல்லத் தட்டினீர்கள். பிறகு ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "மொதல்ல இறுக்கு" என்றீர்கள்.

"கழட்டணும்னு உக்காந்துட்டு இறுக்கச் சொல்றீங்களே, நைட் ஷிப்டு தூக்கம் இன்னும் போவலையா?"

"ஒரு மயிரிழ இறுக்கு. எடுத்ததுமே கழட்டப் போனா மரை போயிடும். இறுக்குற பக்கம் லேசா அசஞ்சாப் போதும், அப்புறம் நம்ம பேச்சக் கேக்கும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அது துளிகூட நகரவில்லை. நீங்கள் குனிந்து பார்த்து, "முழுசா மூடினபடியே இறுகியிருக்குது, இதுக்கு மேல போக எடமில்ல. பரவால்ல, களிம்பு ஒடஞ்சிருக்கும். இப்பத் திருப்பிக் கழட்டு" என்றீர்கள். கிர்ரென்று ஒரு சத்தத்தோடு அது என் கையில் சுழன்றது. உங்கள் கம்பெனியில் உங்களுக்கு என்ன பரிசு கொடுத்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. லைன் வீடு முழுக்க இருட்டு, நம் வாசலில் மட்டும் வெள்ளை வெளிச்சம். பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்காரி எட்டிப் பார்த்து, "ஏ யக்கா, ஒங்க வீட்ல மட்டும் என்ன கல்யாணமா?" என்றாள். பற்றவைப்பது உங்கள் வேலை, அணைப்பது என் வேலை என்று அன்றைக்கே பிரித்துக்கொண்டோம். நீங்கள் காற்று வால்வை மூடிப் பம்ப் அடிப்பீர்கள். நான் அதைத் திறந்துவிடுவேன். உஸ்ஸென்று காற்று இறங்கி வெளிச்சம் சுருங்கி அணையும். அடுத்த நாள் நீங்கள் மூடும்வரை வால்வு திறந்தே இருக்கும்.

பிறகு கம்பெனி கேட்டைப் பூட்டினார்கள். இன்று திறக்கும் நாளை திறக்கும் என்று காத்திருந்து, கடைசியில் லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு உங்கள் ஊருக்கே வந்துவிட்டோம். அண்ணன் ஒரு சொல் சொல்லவில்லை, பாதி வீட்டைக் கொடுத்தார். ஆனால் நீங்கள் வந்து சேரவே இல்லை. கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு எழுந்து, சவரம் செய்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். "எங்க கெளம்பிட்டீங்க?" என்றால், "எங்கயும் இல்ல" என்பீர்கள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மழைக்காலம் முழுக்க. ராகி முற்றியபோது ராத்திரிக் காவலை அண்ணனிடமிருந்து நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். மனுஷன் எழுந்து நடமாடுகிறாரே என்று நான் மகிழ்ந்துபோனேன்.

ஒரு விடியலில் ஆட்கள் வந்து சொன்னார்கள். பரண் அப்படியே நின்றது. லைட் அதன் கொம்பில் மாட்டியபடி இருந்தது, டேங்க் நிறைய எண்ணெயோடு. நீங்கள் மட்டும் கீழே வரப்போரம் கிடந்தீர்கள். யானை வந்த தடம் ஊருக்கே தெரிந்தது. அடுத்த நிலத்துக் கன்னடக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "பொழுது சாஞ்சதுலருந்தே உங்க பரண்ல பெளக்கு இல்லம்மா. எண்ணெய மிச்சம் பண்றாருன்னு நெனச்சிட்டேன்."

லைட் எரியவில்லை, அதனால் தீ மூட்ட இறங்கியிருப்பான், அந்த நேரம் பார்த்து யானை வந்துவிட்டது. இப்படித்தான் அண்ணன் சொன்னார், ஊரும் சொன்னது, நானும் சொன்னேன். சொல்லிச் சொல்லி அதிலேயே நின்றுவிட்டேன்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும், அது வேறு யாருக்கும் தோன்றவில்லை. பம்ப் அடிக்க வேண்டுமானால் வால்வை முதலில் மூடியாக வேண்டும். அது மூடியிருந்தால், நீங்கள் பற்றவைக்கப் பாடுபட்டிருக்கிறீர்கள், லைட்தான் உங்களைக் கைவிட்டது. திறந்திருந்தால், அன்று பொழுது சாய்ந்ததிலிருந்து அதன்மேல் நீங்கள் கையே வைக்கவில்லை. இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூடியதற்கும் திறந்ததற்கும் வித்தியாசம் தெரியாது. திருகிப் பார்த்தால்தான் தெரியும். இத்தனை வருஷமாக நான் சாக்கை அவிழ்க்காததற்குக் காரணம் அதுதான், வேறொன்றுமில்லை.

முந்தாநாள் டீசல் விட்டேன். நேற்று வெந்நீர்த் துணி சுற்றினேன், தட்டினேன். இன்று பிற்பகல் ஸ்பேனரை மாட்டினேன். முதலில் இறுக்க வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை. நகராதே, நகராதே என்று வேண்டிக்கொண்டுதான் இறுக்கினேன்.

அது நகர்ந்தது. கிர்ரென்று கால் சுற்று, அரைச் சுற்று, அப்புறம் வெண்ணெயாக ஒரு முழுச் சுற்று போய் மூடிக்கொண்டது. நான் ஸ்பேனரை வைத்துவிட்டுக் கொட்டகை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. 

மனசு சும்மா இருக்குமா? நீங்கள் மூடிப் பம்ப் அடித்துப் பார்த்து, எரியாமல் போகவே பழுது பார்க்கத் திறந்திருப்பீர்கள் என்றது. சரி, பார்த்துவிடலாம் என்று எழுந்தேன். காய்ந்த பம்ப் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன், புது மேண்டில் வலை கட்டினேன், வேறு எதையும் தொடவில்லை. வேண்டுமென்றே தொடவில்லை. எண்ணெய் சீறும் நிப்பிளைக்கூடத் துடைக்கவில்லை. பழுது இருந்தால் அது அப்படியே இருந்து எரியாமல் போகட்டும் என்று பார்த்தேன். ஸ்பிரிட் ஊற்றிச் சூடு காட்டிப் பம்ப் அடித்தேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டு, லைன் வீட்டு வாசலில் எரிந்ததைப் போலவே பளிச்சென்று எரிந்தது.

போவதென்று முடிவு செய்துதான் இறங்கினீர்களா? இல்லை, ஒரு திருகை மூடக்கூட உடம்பில் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தீர்களா? எழுந்து தண்ணீர் குடிப்பதற்குக்கூட நீங்கள் அப்போது மலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டில் எது என்று தெரிந்தால் நான் எப்படியாவது மிச்ச நாளை ஓட்டிவிடுவேன். கேட்டால் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் வந்தார். வாசலில் லைட் எரிவதைக் கண்டதும் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார்.

"எரியுதே" என்றார். கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப என்னம்மா கோளாறு அதுல?" என்றார்.

அவருக்குப் பதில் வேண்டியிருந்தது. தம்பி கேட்டான் என்று காவலை விட்டுக்கொடுத்தவர் அவர். அதற்குப் பிறகு ஒருநாளும் வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"வால்வு இறுகிப் போயிருந்துச்சு மாமா. இப்ப விட்டுப்போச்சு. இனிமே நம்பிக் கொண்டு போலாம்."

"அப்ப அவன் கடைசி வரைக்கும் பம்ப் அடிச்சுப் பாத்திருக்கான்."

"ஆமா மாமா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லைட்டைத் தூக்கிக்கொண்டு போனார். இந்நேரம் பரணில் ஏற்றியிருப்பார், இங்கிருந்து பார்த்தால் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் அந்த லைட்டைத் திட்டித்தான் உங்களிடம் பிரியமாக இருக்க முடிந்தது. அதன்மேல் ஒரு தப்பும் இல்லையாம். நாளைக் காலையில் சாணி அள்ளக் குனியும்போது யாரைத் திட்டுவேன், சொல்லுங்கள்.