நாடு திரும்பியதாக அறிவிக்கப்பட்ட என் மகள் ஜிஜா

அனுப்புநர்:
ஈ. புஷ்பபாய்,
தையல் கடை, அமரவிளை,
நெய்யாற்றின்கரை தாலுகா.

பெறுநர்:
தனி அலுவலர்,
வெளிநாடு வாழ்வோர் குறைதீர்ப்புப் பிரிவு,
திருவனந்தபுரம்.

பொருள்: கொரோனா காலத்தில் நாடு திரும்பியதாக அறிவிக்கப்பட்ட மகள் திரும்பவில்லை எனப் பதிவு செய்யக் கோருதல் – ஏழாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் ஒரே மகள் ஜிஜா ஒரு வளைகுடா நாட்டில் நர்ஸாக இருந்தாள். நாட்டின் பெயர் இணைப்பில் உள்ளது. மனுவிலேயே எழுதினால் நட்புறவுக்கு நல்லதல்ல என்று சென்ற முறை உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். என் மனு அவ்வளவு தூரம் போகும் என்று அன்றுதான் தெரிந்தது.

2. 2020 மே 12 அன்று, தனக்கும் பாசிட்டிவ் என்று சொன்னாள். பிறகு போன் எடுக்கவில்லை. 16ஆம் தேதி இரு அரசுகளும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன. அவளுடைய ஆஸ்பத்திரியிலிருந்த நம் நாட்டு நர்ஸுகள் முப்பத்தாறு பேரும் நலமாகத் தாயகம் திரும்பிவிட்டார்கள், இது இரு நாட்டு நட்பின் அடையாளம் என்று அதில் இருந்தது. பட்டியலில் ஜிஜாவின் பெயரும் இருந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறி வைத்துக் காத்திருந்தேன்.

3. மறுநாள் எங்கள் வார்டின் ஆஷா சுகாதாரப் பணியாளர் ஸ்ரீகுமாரி வந்து, பதினான்கு நாள் யாரும் நுழையக் கூடாது என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார். ஆள் இன்னும் வரவில்லையே என்றேன். "லிஸ்ட்டிலே பேரு உண்டுல்லா அக்கா, இப்பம் வருவா" என்றார். நானும் நம்பினேன்.

4. மூன்றாம் நாள், பட்டியலில் இருந்தபடி விமானத்தில் ஊர் வந்து சேர்ந்த ரெஜிலா என்ற நர்ஸ் போனில் அழைத்தாள். அவள் சொன்னது இது: "அம்மா, ஜிஜா பதினாலாந் தேதியே போயிட்டா. எங்களுக்கு ஒருக்க காட்டக்கூட இல்ல. எங்க அடக்கினாவன்னும் தெரியல்ல." கதவில் நோட்டீஸ் இருந்ததால் துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. வராத மகளுக்கான பதினான்கு நாளையும் நான் ஒருத்தியாக இருந்து முடித்தேன்.

5. ஐந்து வருடமாக நடையாய் நடக்கிறேன். நாடு திரும்பியவருக்கு இறப்புச் சான்று தர வழியில்லை என்கிறது தூதரகம். உங்கள் அரசு கேட்டால் பார்க்கலாம் என்கிறது அந்த நாடு. கூட்டறிக்கையை ஒரு தரப்பாகத் திருத்த இயலாது என்கிறது நம் அரசு. எல்லாக் கடிதமும் 'ஆழ்ந்த அக்கறையுடன்' என்றுதான் தொடங்குகிறது. படித்துப் படித்து அந்த வார்த்தை எனக்குப் புளித்துவிட்டது. ஆண்டுதோறும் மே மாதம், கொரோனா காலச் சேவைக்காக என்று ஜிஜாவின் பெயருக்கு அந்த நாட்டிலிருந்து ஒரு நன்றி அட்டையும் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறேன்.

6. யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. நட்புறவும் நன்றாக இருக்கட்டும். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தால்தான் அவள் இறந்தது பதிவாகும். பதிவானால்தான் எங்கே அடக்கினார்கள் என்று நான் கேட்க முடியும். அந்தக் குழி மண்ணை ஒருமுறை தொட வேண்டும். எனக்கு வயது அறுபத்தெட்டு, சர்க்கரையும் உண்டு. எட்டாவது மனு எழுத நான் இருப்பேனா என்று தெரியாது.

அவளை உயிரோடு தாருங்கள் என்று கேட்கவில்லை ஐயா. செத்துப்போனவளாகவாவது என் பிள்ளையை எனக்கு எழுதித் தாருங்கள்.

இடம்: அமரவிளை
நாள்: 09.06.2025

பணிந்து ஒப்பமிடுவது,
ஈ. புஷ்பபாய்
(ஜிஜாவின் அம்மா)