பாட்டியின் கையெழுத்தில் என் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாட்டிக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். என் மேலதிகாரி பாட்டியின் மாணவர்தானே, மைக்கைப் பிடித்ததுமே அழுதுவிட்டார். எல்லோரும் வரிசையில் நின்று அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். பேத்தி நான் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே.

பிறகு தன் பழைய சோதனை நோட்டைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பாட்டியின் சிவப்பு மை. ஓரிடத்தில் அவர் பெயரைப் போட்டு, "கண்ணா, தப்பா வந்ததையும் அழிக்காம எழுதி வை" என்றிருந்தது. தேதி, என் ஏழாவது பிறந்தநாள். கேக்கை வைத்துக்கொண்டு எட்டு மணி வரை வாசலைப் பார்த்தோமே, அதே நாள்!

"அன்னிக்கு சாயங்காலம் முழுக்க என்கூடத்தான் இருந்தாங்கம்மா" என்றார் பெருமையாக.

"அப்படியா சார்" என்றேன். மீதி நாற்காலிகளை மடக்கப் போனேன்.

இங்கே குளிர் அதிகம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. இதோ, சார்தான் கூப்பிடுகிறார், ஓட வேண்டும். பாட்டியின் அலமாரியைக் கொஞ்சம் துழாவிப் பார். அந்தக் கையெழுத்தில் என் பெயர் இருக்கிற காகிதம் ஏதாவது கிடைத்தால் காலுறைக்குள் சுருட்டி வை. என்னைத் திட்டி எழுதியிருந்தாலும் பரவாயில்லை.

உன் மகள்