சாம்பல் குதிரையின் வயிற்றில் கேட்காத சத்தம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகன் என்னைப் பழைய துறைமுகப் பக்கம் கூட்டிப்போனான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கல் பாவிய தெருவோரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. காரை விட்டு இறங்கும்போதே நனைந்த குதிரையின் வாடை வந்துவிட்டது. நீ லாயத்திலிருந்து நேரே என் வீட்டுக்கு வரும் நாட்களில் உன் மேற்சட்டையில் வந்த அதே வாடை. மருமகள் மூக்கைச் சுளித்தாள். நான் முதல் வண்டியிடம் போய், அந்தப் பழுப்புக் குதிரையின் கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்து விட்டேன். தோல் உடனே படியவில்லை. யோசித்து யோசித்துப் படிந்தது.

"அம்மா! என்ன செய்யிறியள்?" என்று மகன் ஓடிவந்தான்.

"இதுக்குத் தண்ணி காணாது."

கன்னியாஸ்திரிகள் சொல்லித்தந்த பிரெஞ்சில், தண்ணீர் எப்போது வைத்தாய் என்று வண்டிக்காரனைக் கேட்டேன். இப்போதுதான் மதாம் என்றான். ஊரே நனைந்திருந்த நேரத்தில் வண்டிக்கடியில் அவனுடைய வாளி மட்டும் காய்ந்து கிடந்தது. "பொய்" என்று தமிழிலேயே சொன்னேன். "மாமிக்கு ஆரிலைதான் நம்பிக்கை?" என்று மருமகள் குடைக்குள் முணுமுணுத்தாள். அவள் நினைப்பதுபோல் என் காது இன்னும் மந்தமாகவில்லை.

தோலைக் கிள்ளிப் பார்க்கக் கற்றுத் தந்தவள் நீ. சந்தேகம் என் சொந்தச் சரக்கு. மடத்துப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலேயே உன் வீட்டுக்கணக்கைத் திருத்துவதற்கு முன்பு, இதை யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்பவள் நான். நீ மிருக வைத்தியம் படிக்கப் போனபோது உன் அம்மா அழுதார். "மாட்டு டொக்டரை ஆரடி கட்டுவான்?" என்றார். ஒருவரும் கட்டவில்லை, நீயும் தேடவில்லை. பிறகு இந்த மொன்றியலில் நீ லொங்குய்யிலும் நான் வில்லரேயிலுமாக, ஆற்றுக்கு இரு பக்கமும் இருந்தோம். தென்கரையின் லாயங்களில் குதிரைகளைப் பார்த்தே உன் தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு ஜூலையும் சஸ்காட்சுவான் புல்வெளிக்குப் பறந்தாய். நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில் குதிரைகளைச் சோதிக்கப் போகிறேன் என்பாய். அறுபது தாண்டிய பெண் அந்த வனாந்தரத்துக்குச் சம்பளமில்லாமல் போவாளா? நான் நம்பவில்லை. அங்கே ஒரு ஆண் இருக்கிறான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

என் கணவர் இறந்த மாரி கழிந்து, ஜான்-டலோன் சந்தையில் இருவரும் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதையும் நான் நம்பவில்லை.

"ஜூலையில என்னோட சஸ்காட்சுவானுக்கு வாவன்" என்றாய்.

"என்னத்துக்கு?"

"குதிரையளின்ரை நாடி பாக்க. ஆக்கள் காணாது."

"உனக்கு விசரே? நான் நாய்க்குட்டியைக்கூடத் தொடாதவள்."

"உனக்கு எண்ணத் தெரியும், மணிக்கூடு பாக்கத் தெரியும். ஒருத்தருக்கும் இரக்கம் பாக்கமாட்டாய். இதுக்கு மேலை என்ன வேணும்?"

விதவையாகிவிட்டேன் என்று பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். பரிதாபம் எனக்கு ஒத்துவராது. ஆனால் அந்த ஆணை நேரில் பார்த்துவிடலாம் என்ற ஆவல் மானத்தை வென்றது.

ரெஜைனாவில் இறங்கித் தெற்கே காரில் போனோம். மரம் என்று ஒன்றும் இல்லை. கண் போகும் தூரம் வரை புல் காற்றுக்குப் படுத்து எழும்பியது. இப்படிப்பட்ட இடத்தில் யாரும் எதையும் ஒளிக்க முடியாது என்று உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய்.

பந்தயத்தின் சட்டம் எனக்குப் பிடித்துப்போனது. விடியுமுன் புறப்படும் குதிரைகள் நாள் முழுவதும் புல்வெளியைக் கடந்து ஓடும். இடையிடையே தரிப்பிடங்கள். குறித்த நேரத்துக்குள் குதிரையின் நாடி குறித்த அளவுக்கு இறங்க வேண்டும். பிறகு வைத்தியர் ஈறைப் பார்ப்பார், தோலைக் கிள்ளுவார், வயிற்றின் நான்கு மூலையிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் அசையும் சத்தத்தைக் கேட்பார், ஓட்டிக் காட்டச் சொல்வார். ஒன்று பிழைத்தாலும் குதிரை அங்கேயே நிறுத்தப்படும். ஓடி முடிப்பது போதாது. முடித்த குதிரை இன்னும் ஓடக்கூடியதாக நிற்க வேண்டும். எங்கள் கன்னியாஸ்திரிகளே எழுதிய சட்டம் போல இருந்தது.

தலைமை வைத்தியர் புறப்படும் இடத்து முகாமில் இருந்தார். வெளியே தூரத்தில், புல்வெளி நடுவில், மூன்றாம் தரிப்பு உன் பொறுப்பு. முதல் நாள் மாலை சமையல் கூடாரத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்மணி, கூடமாட உரித்த என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். போன வருடம் மூன்றாம் தரிப்பில் சோதித்து, சரியென்று ஓட விட்ட ஒரு செம்பட்டைக் குதிரை முடிவிடத்துக்கு முன்பே விழுந்து செத்ததாம். யார் விட்டது என்று கேட்டேன். "உங்கள் தோழிதான் அங்கே நின்றாள். பாவம், யாருடைய பிழையும் இல்லை. இதயம் என்றார்கள்" என்றாள். நீ அதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் கத்தியைக் கீழே வைத்தேன். மீண்டும் எடுத்து உரித்தேன்.

நான் தேடிவந்த ஆணும் கிடைத்தார். உயரமான பண்ணைக்காரர், சாம்பல் குதிரைக்குச் சொந்தக்காரர். உனக்கென்று வீட்டில் செய்த பெரிப்பழ ஜாம் கொண்டுவந்தார். அவர் போனபின் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி பாக்கிறாய்? அவருக்கு மூண்டு தரம் கலியாணம் முடிஞ்சுது. நாலாவதுக்கு எனக்கு நேரமில்லை."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

"உன்ரை மூக்கு கேட்டது."

மறுநாள் மூன்றாம் தரிப்பில் ஒவ்வொரு குதிரையிடமும் நீ ஒரே மாதிரி நடந்துகொண்டாய். முதலில் நீ வயிற்றில் வைத்துக் கேட்பாய். பிறகு ஸ்டெதஸ்கோப்பை என்னிடம் நீட்டி, "நீயும் ஒருக்காக் கேள், பழகு" என்பாய். தூரத்து இடி போலவும், குழாயில் தண்ணீர் ஓடுவது போலவும் கேட்டது. "என்ன கேட்டது?" என்பாய். நான் சொல்வேன். அதற்குப் பிறகுதான் அட்டையில் எழுதுவாய். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. நாலைந்து குதிரைக்குப் பிறகு பெருமை போய்விட்டது. கேட்டு முடித்த வைத்தியர் எதற்காக நாடி எண்ண வந்தவளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்?

நீ ஒரு குதிரையின் குளம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, உன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். தாழ்ந்த குரலில், பள்ளி வராந்தாவில் தலைமைக் கன்னியாஸ்திரியைக் கண்டால் சொல்வதுபோலச் சொன்னேன்:

"மதர் வாறா."

அந்த இரண்டு சொல்லுக்கு நீ எந்த வயதிலும் திரும்பியிருப்பாய். கையில் இருந்ததை ஒளித்திருப்பாய். நீ குளம்பைத் தட்டிக்கொண்டே இருந்தாய்.

வெயில் எனக்கு மட்டும் நின்றுபோனது போல இருந்தது. உனக்குக் காது கேட்கவில்லை. குதிரையின் வயிற்றுக்குக் காது கொடுக்க வேண்டியவளுக்குக் காது கேட்கவில்லை. சமையல்காரி சொன்ன செம்பட்டைக் குதிரை நினைவுக்கு வந்தது. தலைமை வைத்தியருக்கு வோக்கி-டோக்கியில் அறிவிப்பதா, உன்னிடமே கேட்பதா என்று நான் தடுமாறி நிற்கையில் தூசி தெரிந்தது. பண்ணைக்காரரின் சாம்பல் குதிரை எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தது.

நாடி நன்றாக இறங்கியது, நான்தான் எண்ணினேன். ஈறு சரி, தோல் சரி. ஓட்டிக் காட்டியபோது கால் ஒரு துளி பிசகவில்லை. நீ வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாய். பிறகு என்னிடம் நீட்டினாய். நான் இடப்பக்கம் மேலே வைத்தேன். கீழே வைத்தேன். சுற்றிவந்து வலப்பக்கம் இரண்டு இடத்திலும் வைத்தேன். இடியும் இல்லை, தண்ணீரும் இல்லை. பூட்டிய வீட்டில் காது வைத்தது போல இருந்தது.

"என்ன கேட்டது?"

"ஒண்டும் இல்லை."

"வடிவாக் கேட்டனியோ?"

"நாலு பக்கமும் கேட்டனான். ஒண்டும் இல்லை."

நீ என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உனக்கு எந்தக் குதிரையும் மௌனம்தான். இந்தக் குதிரையின் மௌனம் வேறு என்று சொல்ல உலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. நானோ அன்று காலைவரை குதிரையைத் தொட்டறியாதவள். நான் பிழைவிட்டால் நல்ல குதிரை ஒன்று வெற்றியை இழக்கும். நீ நம்பாமல் விட்டால் அந்தக் குதிரை குடல் நின்று புல்லில் விழும்.

"குடல் அசையவில்லை. நிறுத்துகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய்.

பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். நாடி இறங்கிவிட்டது, கால் சரி, இன்னும் என்ன வேண்டும் என்று கத்தினார். என்னைக் காட்டி, "யார் இந்த அம்மா? பாட்டு ஆசிரியையா, காதை வைத்துச் சுருதி பார்க்க? இவள் சொல்லித்தான் நீ எழுதுவாயா?" என்றார்.

"இவள் இல்லாததைக் கேட்டதாகச் சொல்லமாட்டாள். உனக்காகவும் சொல்லமாட்டாள், எனக்காகவும் சொல்லமாட்டாள்" என்றாய்.

இரண்டாவதாக வந்த குதிரை சோதனை முடிந்து எங்களைக் கடந்து போனபோதும் அவர் கத்திக்கொண்டுதான் இருந்தார். வெயில் சாயுமுன் சாம்பல் குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் நிலத்தைப் பிராண்டியது. பிறகு படுத்து உருளப் பார்த்தது. நீ ஊசி போட்டு, நரம்பில் மருந்து நீர் ஏற்றினாய். அவர் அதன் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அது சாணம் போட்டது. அந்த மனிதர் அழுதார். குதிரைச் சாணத்துக்காக ஓர் ஆண் அழுவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

மறுநாள் திரும்பும் வழியில் காருக்குள் அடுப்பு போல வெக்கை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினாய்.

"எப்ப துவக்கம் உனக்குக் காது கேக்கேல்லை?" என்றேன்.

நீ என் பக்கம் திரும்பினாய். "கண்டுபிடிச்சிட்டியே?"

"ரோட்டைப் பார்!"

"ரோட்டைப் பாத்தா நீ கதைக்கிறது எப்பிடித் தெரியும்?"

மெல்ல மெல்லத்தான் போனது என்றாய். டெலிபோன் மணி கேட்கும், குருவி கேட்கும்; தாழ்ந்த சத்தங்கள்தான் முதலில் போயின என்றாய். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா வந்திருப்பியே?"

"வந்திருக்கமாட்டன்."

"அதுதான். வேறை ஆரிட்டையும் கேட்டா அடுத்த நாளே தலைமை டொக்டருக்குப் போயிடும். இந்த ஒரு வருசம் மட்டும். இனி வரமாட்டன், சத்தியமா."

கோபம் எனக்கு அடங்கவில்லை. என்னைக் காதாகக் கூட்டிவந்திருக்கிறாய். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. இந்த வருடம் நான் இருந்தேன். அந்தச் செம்பட்டைக் குதிரை வந்தபோது யார் இருந்தது?

"போன வருசம் உன்னோட ஆர் நிண்டது?" என்று கேட்டேன்.

நீ ரோட்டைப் பார்த்தாய். அந்தப் பயணம் முழுவதும் என் பக்கம் திரும்பித் திரும்பி வந்த முகம் அப்போது மட்டும் திரும்பவில்லை. காற்று பலமாக அடித்தது. நான்தானே ரோட்டைப் பார் என்று சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.

சொன்னபடி அடுத்த ஜூலை நீ போகவில்லை. தலைமை வைத்தியருக்குத் தொலைபேசியில் நீயே காதைப் பற்றிச் சொன்னதாக என்னிடம் சொன்னாய். அப்போது நான் பக்கத்தில் இல்லை. காதுக்குக் கருவி வாங்கினாய். பெரிப்பழ ஜாம் தபாலில் வந்தது, எனக்கும் ஒரு போத்தல். நல்ல ஜாம். மெத்ரோ ரயிலில் ஆற்றைக் கடந்து உன்னிடம் வரும்போதெல்லாம், இன்று கேட்கலாம் என்று வருவேன். நீ தோசை சுட்டுத் தருவாய். உன் முகத்தில் நான் தேடுவது உனக்குத் தெரிந்ததா என்று அதையும் சேர்த்துத் தேடுவேன். இறந்த குதிரைக்கு இதயம்தான் காரணம் என்றால் வயிற்றைக் கேட்டிருந்தாலும் பயனில்லை. ஆனால் இதயத்தையும் காதால்தானே கேட்க வேண்டும்?

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னிடம் வந்தபோது தாதி உன் கருவிகளைக் கழற்றி வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்களில் இரண்டு பெண்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில் கேட்டாய்:

"எடி, அண்டைக்குக் காரில என்னவோ கேட்டனி. எனக்கு விளங்கேல்லை. என்ன கேட்டனி?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், தமிழ் தெரியாதவர்களும். நீ என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சாம்பல் குதிரைக்கு முன்னால் நின்று பார்த்த அதே பார்வை. இத்தனை காலம் கழித்து அந்தக் கேள்வியை நீ ஏன் தேடி எடுத்தாய் என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. விளங்காத கேள்வியை யார் இவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? உன் கண் மஞ்சள் பூத்திருந்தது. நாடியில் விரல் வைத்துப் பார்த்தேன். அது ஓடிக் களைத்திருந்தது.

சொற்களை ஒவ்வொன்றாக, உனக்குத் தெரியும்படி உதட்டை அசைத்துச் சொன்னேன்:

"குளிருதோ எண்டு கேட்டனான்."

நீ வெகுநேரம் என் வாயையே பார்த்தாய். பிறகு உன் முகம் மெல்லத் தளர்ந்தது.

"அது ஜூலை மாசமடி" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு, என் கையை மட்டும் விடாமல் இருந்தாய்.

பொய் சொல்லாதவள் என்று சொல்லித்தான் நீ ஒரு குதிரையை என் வாய்ச்சொல்லில் நிறுத்தினாய். உனக்கு நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். அதை நீ கண்டுபிடித்துவிட்டாய். நீ எனக்குப் பொய் சொன்னாயா என்பதை மட்டும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.