காலி ட்ரேக்கள் திரும்பும் வழி

மார்ச் 3
சாப்பிடும் மேசையில் என் தட்டை ஓரம் தள்ளிவிட்டு மருமகள் பெரிய தாள் ஒன்றை விரித்தாள். எங்கள் ரொட்டி ஆலை, சுற்றிலும் கடைகள், நடுவில் நான் வைத்த மூன்று சின்ன குடோன்கள். மூன்றின் மேலும் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி. இனிமேல் நெடுஞ்சாலையில் ஒரே பெரிய குடோனாம்.

“மூணு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா ரொட்டி தேங்குது அத்தை. ஒரே இடம்னா எல்லாம் அன்னன்னிக்கே போயிடும்.”

ரயில்வே கேட் மூடினால் அரை மணி நேரம் போச்சே என்றேன். வண்டிகள் அதற்கு முன்பே தாண்டிவிடும் என்றாள். அதற்கும் பதில் வைத்திருக்கிறாள், அதுதான் எரிகிறது. மகன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் ரொட்டிக் கூடையைச் சுமந்து ஊர் முழுக்க நடந்து, எங்கே கால் வலித்ததோ அங்கே குடோன் வைத்தவள்.

தாளில் அம்புக்குறி எல்லாம் கடைகளைப் பார்த்தே போகிறது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மகாராணிக்குத் தெரியாததா?

மார்ச் 4
தனியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 11
மூன்றில் ரயில்வே கேட்டை ஒட்டி இருக்கும் கேட் குடோனைப் பூட்டிவிட்டார்கள். பதினாறு வருஷம் அங்கே பொறுப்பாக இருந்த குச்சி — ஒல்லி உடம்புக்கு நான் வைத்த பேர் — சாவியை மகனிடம் கொடுக்காமல் என்னிடம் கொண்டுவந்தார்.

“குடோன் வெச்சவங்க நீங்க. வேற யார்கிட்ட குடுக்கறது?”

முழங்கால் தேய்ந்த மனுஷர். பெரிய குடோனில் அவருக்கு வேலை உண்டா என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் 15
கேட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவள் போன் செய்தாள். ரொட்டி இப்போது சீக்கிரமே வருகிறதாம், தொட்டால் மெத்தென்று இருக்கிறதாம். சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன சந்தோஷம்?

மார்ச் 19
ஆலை நின்றுவிட்டது. ரொட்டி வெந்து வருகிறது, அடுக்க ட்ரே இல்லை. மேசையில் குவித்ததில் பாதி நசுங்கியது. பல கடைகளுக்கு ஒன்றும் போகவில்லை. அடுப்பில் நிற்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் போனில் கத்துகிறான். மருமகள் தாளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

மார்ச் 20
சாவியோடு கேட் குடோனுக்குக் கிளம்பினேன். மருமகள்தான் காரை ஓட்டினாள். பூட்டிய கதவுக்கு வெளியே கூரை உயரத்துக்குக் காலி ட்ரே, மழையில் நனைந்துகொண்டு.

கடைகளில் எடுக்கும் காலி ட்ரேயைக் கேட் குடோனில் இறக்கு, வண்டியை அடைக்காதே, மதியம் ஒரு லாரி வந்து மொத்தமாக அள்ளும் — நான் போட்ட சட்டம். அந்த லாரியைக் குடோனோடு சேர்த்து நிறுத்திவிட்டார்கள். டிரைவர்களிடம் யாரும் மாற்றிச் சொல்லவில்லை.

இறக்கிக்கொண்டிருந்த டிரைவரிடம், இப்படிச் செய்ய யார் சொன்னது என்று கேட்டேன்.

“நீங்கதாம்மா. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு.”

பூட்டு கண்ணில் படவில்லையா என்றேன். நாளைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று இருந்தார்களாம்.

திரும்பும்போது மருமகள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்: “அத்தை, உங்களுக்கு அன்னிக்கே தெரியும்ல?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“என்னைத் திட்டணும்னா திட்டியிருக்கலாம். அடுப்புல நிக்கறவங்க என்ன பண்ணாங்க?”

வீட்டுக்கு வந்து என் அறைக் கதவை அடித்துச் சாத்தினேன். யார் மேல இந்தக் கோவம்? அவ மேலயா?

மார்ச் 24
தாள் மறுபடி மேசையில். இந்தத் தடவை என் தட்டைத் தள்ளவில்லை, அதை விட்டு மிச்ச இடத்தில் விரித்தாள். கேட் குடோன் மேல் போட்ட சிவப்பு அழியாது, அதனால் பக்கத்திலேயே ஒரு வட்டம். ரொட்டி அங்கே வராது, காலி ட்ரே மட்டும். குச்சி பார்த்துக்கொள்வார். மற்ற இரண்டு குடோனும் போனது போனதுதான் என்றாள். அது இன்னும் எரிகிறது.

பேனாவை என்னிடம் நீட்டினாள். வட்டத்திலிருந்து ஆலைக்குத் திரும்பும் அம்பை நான் போட்டேன். கோணல்.

மின்விசிறிக் காற்றில் தாளின் முனை எழும்பியது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அதன் மேல் வைத்தேன்.