கேமராவுக்காக இன்னொரு தடவை

மார்ச் 3, செவ்வாய்

பட்டறையில் வெல்டிங் முடித்து, கை கால் கூடக் கழுவாமல் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். வாசலிலேயே ஓர் அம்மா கேமராவோடு நிற்கிறார். எங்கள் ஹெவி மெட்டல் குழு முதல் ஆல்பம் போடுவதை முழுதாக ஆவணப்படம் எடுக்கப் போகிறாராம். படக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

"நாலு நடுவயசுக்காரனுங்க தலைமுடியை ஆட்டிக்கிட்டுக் கத்துறதை எவன் உக்காந்து பாப்பான்? அதுலயும் ரெண்டு பேருக்கு ஆட்ட முடியே இல்ல" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் தம்பி சிரிக்கவில்லை. பாடுவது, கிடார், பாட்டு எழுதுவது எல்லாம் அவன்தான்; ட்ரம்ஸ் நான். "அண்ணே, இப்பதான் ஒரு கம்பெனி நம்மள நம்பி வந்திருக்கு. ஆல்பம் முடியற வரைக்கும் வாயைக் கொஞ்சம் கட்டு."

கட்டினால் வெடித்துவிடுமே.

மார்ச் 5, வியாழன்

முதலில் ட்ரம்ஸைத்தான் பதிவு செய்வார்கள். அதன் மேல்தான் மற்றதெல்லாம் ஏறும். ஹெட்போனில் தாளக் கணக்கு டிக் டிக் என்று ஓடும், அதை விட்டு விலகாமல் அடிக்க வேண்டும். ஐந்தாவது பாட்டுக்கு இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். பேய் வேகம். வலது முழங்கால் கெஞ்சியது.

பல்லவிக்கு முன்னால் நான் ஓர் இழை பிந்துவேன். தெரிந்தே செய்வதுதான். அறைவதற்கு முன்னால் ஓங்கிய கையைக் கொஞ்சம் நிறுத்துவது மாதிரி. தம்பி அந்தப் பாட்டைக் கட்டியதே அந்த நிறுத்தத்தைக் கேட்டுத்தான்.

"லேட்டாகுதுண்ணே" என்றார் சவுண்டுக்காரர்.

"லேட்டு இல்லப்பா. பயமுறுத்துறேன்."

மார்ச் 6, வெள்ளி

முழங்கால் வீங்கிவிட்டது. "யானைக்கால் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. யானை அடித்தால் ட்ரம்ஸ் நன்றாகத்தான் இருக்கும் என்றேன். முறைத்தாள். அவள் தூங்கப் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் கால் போனால் அப்புறம் நான் யார்?

மார்ச் 9, திங்கள்

என் வேலை முடிந்ததாம். "எல்லாம் சரியா வந்துச்சாடா?" என்று கேட்டேன். "ஓகேண்ணே, போய் ரெஸ்ட் எடு" என்று கிடாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கிடாரா அண்ணன்?

மார்ச் 14, சனி

தம்பி போனை எடுக்கவில்லை. பெரிய பாடகர் ஆகிவிட்டார்.

மார்ச் 20, வெள்ளி

படக்காரம்மா கூப்பிட்டார். ஐந்தாவது பாட்டை எடுத்தபோது என் முகம் இருட்டில் விழுந்துவிட்டதாம். "பாட்டைக் காதுல ஓடவிடுறோம், நீங்க கூடவே அடிங்க. கேமராவுக்காக இன்னொரு தடவை, அவ்வளவுதான்."

சவுண்டுக்காரர் தயங்கினார். "தம்பி வந்துரட்டுமே..." அவன் எதற்கு, அவன் முகமா இருட்டில் இருக்கிறது?

உட்கார்ந்து அடித்தேன். காதில் கேட்ட ட்ரம்ஸ் தையல் மிஷின் மாதிரி ஓடியது. பரவாயில்லையே, கால் வலியோடு இவ்வளவு சுத்தமாகவா அடித்திருக்கிறேன் என்று பூரித்துப்போனேன். பல்லவிக்கு முன்னால் கையை ஓங்கி நிறுத்தினேன். பாட்டு நிற்கவில்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

கவனம் சிதறிவிட்டது என்று சொல்லி மறுபடியும் அடித்தேன். மறுபடியும் அது போய்விட்டது.

"இது நான் இல்லையே. யாருப்பா இது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "மிஷின் அடிச்சதுண்ணே. டைமிங் பத்தலன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. தம்பி உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"இந்தப் பாட்டு மட்டுமா?"

இல்லை என்று தலையாட்டினார்.

படக்காரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. "நிறுத்திரட்டுமா?" என்றார்.

"எதுக்கு? ஓடவிடுங்க."

இந்தத் தடவை நான் நிறுத்தவில்லை. அது போன வழியிலேயே போனேன். ஓர் இழை பிசகவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

தம்பி வந்தான். காபியைத் தொடவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது? நீ சிரிப்ப. நீ சிரிச்சா நான் அங்கேயே செத்துருவேன்."

அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொன்னான். நான் பாட்டை நிறுத்தி யார் என்று கேட்டதைப் படத்தில் வைக்க வேண்டும் என்கிறாராம் படக்காரம்மா. அது வெளியே வந்தால் ஆல்பத்தின் மானம் போய்விடும், கம்பெனி எங்களைக் கைகழுவிவிடும். நான் வேண்டாம் என்றால் அவர் அதை வெட்டி எடுத்துவிடுவாராம்.

பாட்டுல இருந்து என்னை எடுத்தது பத்தாதாடா? படத்துல இருந்தும் எடுக்கணுமா? இதெல்லாம் அவன் போனப்புறம்தான் வாயில வருது. அவன் முன்னாடி என்ன சொன்னேன்? காபி ஆறுதுன்னேன். சீ.

ஏப்ரல் 2, வியாழன்

படக்காரம்மாவிடம் பேசினேன். கடைசித் தடவை அடித்ததை மட்டும் வையுங்கள், முன்னால் நடந்ததை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"அது பொய்யாயிடுமேங்க."

"பொய்யா இருந்தாலும் என் தம்பிங்க."

ஜூன் 13, சனி

படம் பார்த்தோம். மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஐந்தாவது பாட்டு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. திரையில் என் முகம் நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது. ஒரு பல் கூடத் தெரியவில்லை.

வெளியே ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சும்மா மிஷின் மாதிரி அடிக்கிறீங்கண்ணே!" என்றார். பக்கத்தில் நின்ற தம்பி தரையைப் பார்த்தான். எனக்கு எப்போதும் வாயில் ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். "தேங்க்ஸ்ங்க" என்றேன்.

வாடகைக் காரில் தம்பி, "அடுத்த மாசம் மேடையில நீதான்ணே அடிக்கணும்" என்றான்.

"வேற ஆளைப் பாருடா. படத்தைப் பாத்துட்டு வர்றவங்க இதைத்தானே கேப்பாங்க. எனக்கு இப்படி வராது."

மனைவி முன் சீட்டிலிருந்து திரும்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.