‘இல்லை’ என்ற கட்டம்

ஜனவரி 9

அம்மா இன்றைக்கும் தூக்கத்தில் காலர் திருப்பினாள். வலது கட்டைவிரல் போர்வையின் முனையைக் குத்தி வெளியே தள்ளுகிறது, இடது கை இழுக்கிறது, மடித்துப் பக்கத்தில் வைக்கிறது. சட்டைக் கம்பெனியில் பகலெல்லாம் செய்வதுதான். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அக்காவும் அப்படியே. நடுவில் நான். இரண்டு பக்கமும் கைகள் மீன் மாதிரி மெதுவாக நீந்துகின்றன. என் கைகளை முதுகுக்கு அடியில் அழுத்திக்கொண்டுதான் தூங்குகிறேன்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

ஜனவரி 13

சமூகவியல் டீச்சர் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஜன்னல் பக்கம்: ‘மனிதர் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கிறார்.’ சுவர்ப் பக்கம்: ‘சமூக அமைப்பே தீர்மானிக்கிறது.’ நான் ஜன்னல் பக்கம். சுவர்ப் பக்கம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“உக்காந்த இடம்தாம்மா உன் கட்சி.”

வகுப்பே சிரித்தது. சொன்னது உறைத்ததும் டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜனவரி 17

படிவம் வந்துவிட்டது.

அக்கா சேர்ந்ததும் எங்களுக்குக் கிடைத்த கம்பெனி குடியிருப்பில் வீட்டுக்கு இரண்டு பேர் வேலையில் இருக்க வேண்டும். மார்ச்சில் அக்காவுக்குக் கல்யாணம். அவள் போய்விட்டால் அம்மா ஒருத்திதான். அதனால் பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் நான் போக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு இல்லை.

யாரும் அதட்டவில்லை, கெஞ்சவில்லை. மழை வந்தால் கொடியிலிருந்து துணி எடுப்பது போல எல்லாரும் அவரவர் வேலையைச் செய்கிறார்கள். அதுதான் பயம்.

‘சொந்த விருப்பத்தின் பேரில் சேர்கிறேன்’ என்று அச்சடித்திருக்கிறது. எதிரே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

‘இல்லை’ எதற்கு?

ஜனவரி 18

நீ ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தாயா என்று அக்காவிடம் கேட்டேன். தலை பின்னிக்கொண்டே சொன்னாள்:

“சேந்தப்புறம் ஆசைப்பட்டுக்கிட்டேன்.”

ஜனவரி 21

விவாதம். என் முறை வந்ததும் எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே கம்பெனிப் பஸ்களிலிருந்து நீலச் சட்டைப் பெண்கள் இறங்கி, எதிரே கம்பெனி கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் தள்ளவில்லை. இருந்தும் தண்ணீர் மாதிரி உள்ளே வடிந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்குள் நானும் போவது தெரிந்தது, பின்புறம் மட்டும்.

“உதாரணம் ஒண்ணு சொல்லும்மா” என்றார் டீச்சர்.

“என்கிட்ட இல்ல டீச்சர்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 22

‘இல்லை’யில் டிக் போட்டேன். கவரில் போட்டு ஒட்டி, அம்மா பையில் வைத்துவிட்டேன். ஐயோ.

ஜனவரி 27

திரும்பி வந்துவிட்டது. ‘தவறுதலாக டிக் செய்துள்ளார். திருத்தி அனுப்பவும்’ என்று பென்சிலில் எழுதி, கம்பெனி கிளார்க் அதை அம்மாவிடமே கொடுத்திருக்கிறார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரும் அந்தக் கட்டத்தைத் தொட்டதில்லையாம். அதற்கு பைலே கிடையாதாம்.

“கை தவறிடுச்சாடி?” என்றாள் அம்மா.

ஆமான்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். எல்லாரும் நிம்மதியா தூங்கியிருப்பாங்க. ஏன் சொல்லல?

“தவறலம்மா.”

அக்காதான் பொரிந்தாள். “வீடு போயிடும், தெரியுமில்ல? அப்புறம் அந்தக் கட்டத்துக்குள்ள போய்ப் படுத்துக்கோ.”

ஜனவரி 28

நள்ளிரவு தாண்டியும் அம்மாவின் கை அசையாமல் கிடக்கிறது. அப்படியென்றால் தூங்கவில்லை.

ஜனவரி 30

அம்மா படிவத்தை எடுத்துக்கொண்டு போனாள். திருத்தவில்லை. ஆபீஸில் என்ன சொன்னாள் என்பதை அக்கா வந்து சொன்னாள், தானே சொன்னது போல நிமிர்ந்துகொண்டு:

“அவ கை தவறல சார். புதுசா ஒரு பைல் போட்டுக்குங்க.”

ஜூன் 14

இப்போது எங்கள் வீடு, பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் ஒரே ஓர் அறை. குளியலறை மூன்று குடும்பத்துக்குப் பொது, அங்கே உட்கார்ந்து எழுத முடியாது. அம்மா விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறுகிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாயிற்று.

காலையில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மா சொன்னாள், “ராத்திரியெல்லாம் உன் கை ஆடுதுடி.”

குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். “காலர் திருப்பறேனா?”

“இல்ல. என்னமோ எழுதற மாதிரி. போகுது, திரும்ப வருது, போகுது.”

இந்த அசைவு மட்டும் நானாகத் தேர்ந்தெடுத்ததா? தெரியவில்லை. இன்றைக்குக் கையை முதுகுக்கு அடியில் வைக்கப் போவதில்லை.

அம்மா விளக்கை அணைக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.